லீவு லெட்டரோடு இணைத்த பட்டியல்

14.5.2005 – ஊட்டி ரேஸ் – ரூ. 468.00
15.5.2005 – ஊட்டி ரேஸ் – ரூ. 390.00
17.5.2005 – ஓசூர் குதிரைப் பண்ணை – ரூ. 274.50
18.5.2005 – குணிகல் பக்கம் குதிரைப் பண்ணை – ரூ. 310.00
21.5.2005 – பெங்களூர் ரேஸ் – ரூ. 525.00
22.5.2005 – பெங்களூர் ரேஸ் – ரூ. 212.50
ஆக மொத்தம் – ரூ. 2,180.00

அந்தத் தாளில் இந்த ஏழு வரிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. தொகை ஒவ்வொன்றும் இரண்டு பேருக்கான பஸ் செலவு, ரூம் வாடகை, சாப்பாடு, கேட் டிக்கெட் எல்லாம் சேர்ந்தது என்று அடியில் ஒரு வரி எழுதியிருந்தால், கன்னையன் வீட்டில் அந்தச் சித்திரை மாதம் யாரும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். எதையும் விடாமல் எழுதுகிற மனிதர் அதை மட்டும் விட்டுவிட்டார். தனக்குத் தெரிந்ததுதானே என்று தோன்றியிருக்க வேண்டும்.

கன்னையனுக்கு அப்போது ஐம்பத்து நான்கு வயது. பெருமாநல்லூர் ரோட்டில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் துணி குடோனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயப்பட்டறையிலிருந்து வருகிற ஒவ்வொரு ரோலையும் எடை போட்டு, லாட் நம்பர் எழுதி, தனித்தனியாக அடுக்க வேண்டும். கண்ணுக்கு ஒரே நீலமாகத் தெரிந்தாலும், தனித்தனியாகச் சாயமேறிய இரண்டு லாட் துணி ஒரே பனியனில் கலந்துவிட்டால் உடம்பு ஒரு நீலம், கை ஒரு நீலம் என்று நிற்கும். சரக்கு திரும்பி வந்துவிடும். பத்தொன்பது வருடத்தில் அவர் கையைத் தாண்டி லாட் கலந்ததில்லை.

இந்தப் புத்தி குடோனோடு நிற்கவில்லை. 1979 ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்கு மாடு வாங்கப் போனவர், மாட்டை மறந்து குதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். அடுத்த ஆடிக்கு நோட்டோடு போனார். அதிலிருந்து வருடம் தவறியதில்லை. நிறம், உயரம், பல் பார்த்துச் சொன்ன வயது, கொண்டுவந்தவர் பெயர், ஊர், எல்லாவற்றுக்கும் மேலாகச் சுழி. இந்தப் பக்கம் குதிரை வாங்குகிறவர் முதலில் உடம்பில் சுழி எங்கெங்கே இருக்கிறது என்றுதான் தேடுவார். தொண்டையில் தேவமணி என்கிற சுழி இருந்தால் வீட்டுக்கு நல்லது. ஆகாத இடத்தில் ஒரு சுழி இருந்தால் கட்டுத்தறிக்கே கொண்டுவர மாட்டார். இப்படி இருபத்தைந்து ஆடிகளில் ஆறு நோட்டுகள், ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்று குதிரைகள். கண்ணால் பார்க்காத எதையும் எழுதியதில்லை. கன்னையன் குதிரை வாங்கியதும் இல்லை, ஏறியதும் இல்லை. ஒருமுறை ஒன்றின் கழுத்தைத் தடவியிருக்கிறார். அதற்கும் தேதி உண்டு.

பந்தயத்துக்கென்றே வளர்க்கும் ஜாதிக் குதிரையை மட்டும் அவர் பார்த்ததில்லை. வெளிநாட்டுக்கு இவ்வளவுதான் அனுப்பலாம் என்றிருந்த கோட்டா முறை முடிந்து ஆர்டர் வந்து குவிந்த அந்த வருடம், பெரிய ஷிப்மென்ட் ஒன்று போனதும் முதலாளியே கூப்பிட்டு, "கன்னையா, மே மாசம் ஒம்பது நாள் லீவு எடுத்துக்க. எங்காச்சும் போய்ட்டு வா" என்றார். கன்னையனுக்கு எங்கே போவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜனவரியிலிருந்தே பண்ணைகளுக்கும் ரேஸ் கிளப்புகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒன்பது கடிதம் போயிருந்தது. நான்கு பதில் வந்திருந்தது. நான்காவது, ஓசூர்ப் பண்ணை மேனேஜருடையது: பதினேழாம் தேதி காலை ஒன்பது மணி, இரண்டு பேர், குட்டிகளைத் தொடக் கூடாது.

இரண்டாவது ஆள் அவர் மனைவி அமராவதி.

"ஏனுங்க, ஊட்டிக்குப் போனாப் பூ பாப்பாங்க, போட்டுல போவாங்க. குதிரைச் சாணியப் பாக்கறதுக்கு ஆராச்சும் அவ்வளவு தூரம் போவாங்களா?"

"பூவும் பாக்கலாம். ரேஸ் மைதானத்துல இருந்து நடந்து போற தூரந்தான்."

"எத்தன நிமிசம்னும் எழுதி வெச்சிருப்பீங்களே?"

எழுதித்தான் வைத்திருந்தார். அமராவதி சிரித்துவிட்டு, பெட்டியிலிருந்து இரண்டு ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் போட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகள், தேவிப்பிரியா. எம்.காம். முடித்து அவினாசி ரோட்டில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தாள். ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை, அவளைப் பெண் பார்க்க ஊத்துக்குளியிலிருந்து வந்தார்கள். பையன் சரவணக்குமார், பிரிண்டிங் யூனிட்டில் சூப்பர்வைசர். அப்பா மாரப்பன் எருமை வைத்து வெண்ணெய் வியாபாரம் செய்கிறவர், அதிகம் பேசாதவர். இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. பையனின் போட்டோவைத் தேவிப்பிரியா திருப்பிக் கொடுக்கவில்லை. ஆபீஸ் டைரிக்குள் வைத்துக்கொண்டாள். மே ஒன்றாம் தேதி ஞாயிறு மூன்று மணிக்கு வந்து உறுதி பண்ணிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏப்ரல் 25, திங்கட்கிழமை, கன்னையன் லீவு லெட்டர் கொடுத்தார். மூன்று நாளுக்கு மேல் லீவு என்றால் எங்கே போகிறோம் என்று எழுத வேண்டும் என்பது கம்பெனி விதி. மற்றவர்கள் எல்லாரும் 'ஊருக்கு' என்று ஒரு வார்த்தை எழுதுவார்கள். கன்னையன் பட்டியலை நகல் எடுத்துப் பின் பண்ணிக் கொடுத்தார். டைம் ஆபீஸ் டேனியல் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"அண்ணா, லீவு லெட்டரா இது, பஞ்சாங்கமா?"

"எழுதச் சொல்லியிருக்குதே டேனியலு."

டேனியல் வழக்கம்போல் லீவு தாள்களைக் கேட் பக்கத்து போர்டில் குத்திவைத்தார். அன்று மத்தியானமே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "எந்தக் குதிரை மேலண்ணா கட்டறீங்க?" "ஜெயிச்சா எங்களுக்கு பிரியாணியா, வெறும் பன்னா?" கன்னையனும் சிரித்துக்கொண்டே, "உங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு வர்ற மாதிரி ஒரு குதிரை பாத்து வெச்சிருக்கேன்" என்று சொல்லிவைத்தார்.

மூன்று நாள் கழித்து, வியாழன் காலை பத்தரை மணி டீக்கு வெளியே வந்தவரிடம் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். வெள்ளைச் சட்டை, ஐம்பது வயது இருக்கும். பையனுக்கு வேலை கேட்டுக் கம்பெனிக்குள் போய்விட்டு வந்ததாகச் சொன்னார்.

"போர்டுல ஒரு பட்டியல் பாத்தனுங்க. ரேசுக்குப் போறவரு ஆருங்க?"

"நாந்தானுங்க!" கன்னையனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கிண்டல் செய்யாமல் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் மனிதர் அவர். "இருபத்தஞ்சு வருசத்து ஆசைங்க. இப்பத்தான் கைகூடி வந்திருக்குது."

"ஊட்டி மட்டும் போதாதுங்களா? பெங்களூரும் போகோணுங்களா?"

"ஊட்டில ஓடறது வேற, பெங்களூர்ல ஓடறது வேறீங்க. ரெண்டையும் பாத்தாத்தான் மனசு ஆறும்."

"ஊட்டுல ஒண்ணும் சொல்றதில்லீங்களா?"

"அவளும் கூட வர்றாளுங்க."

அந்த மனிதர் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கன்னையன் காசு கொடுக்கப் போனபோது, வேண்டாமுங்க என்று தன் காசைத் தானே வைத்துவிட்டுப் போனார்.

மே ஒன்று. காலையிலேயே கேசரி கிளறி வைத்தாகிவிட்டது. மூன்று மணிக்கு அமராவதி பஜ்ஜி மாவைக் கரைத்தாள். நான்கு மணிக்கு அதன் மேல் தட்டு மூடினாள். ஐந்து மணிக்குக் கன்னையன் மெயின் ரோடு வரை போய் நின்றுவிட்டு வந்தார். ஆறு பத்துக்குத் தேவிப்பிரியா பட்டுப் புடவையை மாற்றிவிட்டு வந்து, "பஜ்ஜியச் சுடும்மா. மாவு புளிச்சுப்போயிரும்" என்றாள். மூவரும் உட்கார்ந்து தின்றார்கள். 

மறுநாள் கன்னையன், சம்பந்தம் பேசிவிட்ட தரகருக்குப் போன் போட்டார். "அவங்க கொஞ்சம் யோசிக்கறாங்கண்ணா" என்பதற்கு மேல் தரகர் பேசவில்லை. ஜாதகத்திலா, சீர் விஷயத்திலா, பெண் வேலைக்குப் போவதிலா? கன்னையன் ஒரு தாளை எடுத்து, காரணமாக இருக்கக்கூடியவற்றை வரிசையாக எழுதிப் பார்த்தார். பதினொன்று வந்தது. உண்மையான காரணம் அதில் இல்லை.

அது புதன்கிழமை தெரிந்தது. டீக்கடையை ஒட்டிப் பட்டனும் ஊசியும் விற்கிற முகமது ரபீக் கூப்பிட்டுச் சொன்னார். "அண்ணா, போன வாரம் உங்ககிட்டப் பேசிட்டிருந்தாரே வெள்ளைச் சட்டை, அவரு ஊத்துக்குளி. மாரப்பனோட மச்சினன். சென்னிமலைன்னு பேரு. பொண்ணு ஊட்டைப் பத்தி விசாரிக்க வந்திருக்காரு."

கன்னையன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்ககிட்டயும் விசாரிச்சாரா ரபீக்கு?"

"விசாரிச்சாரே. நல்லதாத்தான் சொன்னேன். தங்கமான மனுசன், ஒரு கெட்ட பழக்கம் கிடையாது, குதிரைன்னா மட்டும் உசுரைக் குடுப்பாருன்னு..." ரபீக் பாதியில் நிறுத்தினார். அவருக்கும் விளங்கிவிட்டது. "அய்யய்யோ."

சம்பந்தம் பேசும்போது ஆள் அனுப்பி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது இந்த ஊரில் புதிதல்ல. கன்னையனே தன் தங்கை கல்யாணத்துக்கு அப்படி மூன்று ஊர் விசாரித்தவர்தான். ஆனால் விசாரிக்க வந்தவரிடம், விசாரிக்கப்படுகிற ஆளே நின்று, ஆமாம் ரேசுக்குப் போகிறேன், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சிரித்த முகத்தோடு சொன்னது அவருக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை.

நேரில் போய் விளக்கலாமா என்றால், கூப்பிடாமல் பெண் வீட்டார் போய் நின்றால் இல்லாத குற்றமும் இருப்பதாகிவிடும். எழுதலாம் என்று உட்கார்ந்தார். 'நான் பந்தயத்தில் பணம் கட்டுகிறவன் அல்ல' என்று முதல் வரி எழுதினார். படித்துப் பார்த்தால், கட்டுகிறவன் எழுதுகிற வரியாகவே அது இருந்தது. ஏழு தாள் வீணானது. வீட்டில் சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. சொன்னதும் அமராவதி கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. ஸ்வெட்டர்களை மடித்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள். அதற்குக் கத்தியிருக்கலாம்.

தேவிப்பிரியா ஒன்றுதான் கேட்டாள். "அவருக்கும் தெரியுமாப்பா?"

"எவருக்குக் கண்ணு?"

அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். சரவணக்குமாரைத்தான் கேட்டாள் என்று கன்னையனுக்குப் புரிய அரை மணி நேரம் ஆனது. அன்று குடோனில் ஒரு ரோலை இரண்டு முறை எடை போட்டு, இரண்டு முறையும் எழுதிவிட்டார். பத்தொன்பது வருடத்தில் முதல் அடித்தல் அது.

மே எட்டு, ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மாரப்பன் தனியாக வந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த அமராவதி, கணவர் காதருகே சொன்னாள்: "வெறுங்கையோட வர்றாருங்க." நல்ல சேதியோடு வருகிறவர்கள் ஒரு சீப்புப் பழமாவது இல்லாமல் வர மாட்டார்கள்.

மாரப்பன் தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். செம்பைக் கீழே வைத்தார்.

"ஆள் மூலமாச் சொல்லி அனுப்பறது மரியாதை இல்லீங்க. அதான் நானே வந்தேன். பொண்ணு மேல ஒரு குறையும் இல்லீங்க."

"நீங்க கேள்விப்பட்டது..."

"எங்கண்ணன் நாச்சிமுத்துன்னு ஒருத்தர் இருந்தாருங்க. குதிரைன்னா அவருக்கும் உசுரு. செவலைக் குதிரை ஒண்ணு வெச்சிருந்தாரு. அப்பறம் ஊட்டிக்குப் போனாரு. மே மாசம் மட்டுந்தானேன்னு சொன்னாரு. நாலு ஏக்கரா போச்சு, அண்ணி நகை போச்சு. கடைசில அந்தக் குதிரையையும் அந்தியூர்ல வித்து அந்தக் காசையும் கொண்டுபோய் அங்கேயே கொட்டிட்டு வந்தாரு. எம்பத்தொம்பதுல அவரும் போய்ட்டாருங்க. ரேசுங்கற பேரு எங்க ஊட்டுல எடுக்கறதில்லீங்க."

"நான் ஒரு பைசா கட்டினவன் இல்லீங்க. பாக்கத்தான் போறேன். வேண்டாம்னா விட்டுடறனுங்க. இப்பவே அந்தப் பட்டியலைக் கிழிச்சுப் போடறேன்."

"எங்கண்ணனும் மாசம் ஒருக்காக் கிழிச்சாருங்க" என்றார் மாரப்பன், கோபமே இல்லாமல்.

 உள்ளேயிருந்து தேவிப்பிரியா வந்தாள். கையில் ஆறு நோட்டுகளையும் அடுக்கிக் கொண்டுவந்து மாரப்பன் முன்னால் வைத்தாள்.

"மாமா, இதையும் பாத்துட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

மரியாதைக்காகத்தான் மாரப்பன் முதல் நோட்டைத் திறந்தார். நான்கு பக்கம் திருப்பினார். பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"எம்பத்தாறு எதுல இருக்குதுங்க?"

கன்னையன் இரண்டாவது நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். மாரப்பன் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

'312. பெண். செவலை. 58 அங்குலம். வயது ஐந்து. நெற்றியில் ஒற்றைச் சுழி, தொண்டையில் தேவமணி. இடது பின்னங்கால் வெள்ளை. ஊத்துக்குளி நாச்சிமுத்து. விற்பனைக்கு. வாங்கியவர் பவானி அய்யாவு. பக்கம் 88 பார்க்க.'

எண்பத்தெட்டாம் பக்கத்தில், இரண்டு வருடம் கழித்து, 312 ஓர் ஆண் குட்டியோடு வந்திருந்தது. அங்கிருந்து மூன்றாம் நோட்டு, பக்கம் 17. அதில் 312 வண்டியில் பூட்டி வந்திருந்தது, உடம்பு தேறியிருந்தது. நான்காம் நோட்டு, பக்கம் 60: '312. வலது கண் மங்கல். விற்பனைக்கு இல்லை. அய்யாவு மகள் குழந்தைகளை ஏற்றிச் சுற்றி வருகிறார்.' அது 1996. அதற்குப் பிறகு அந்த எண் எங்கும் இல்லை.

"பத்து வருசம் இருந்திருக்குது" என்றார் மாரப்பன். "அறுப்புக்குப் போயிருக்கும்னே நினைச்சுட்டிருந்தோம்." நோட்டை மூடாமல் திரும்பவும் முன்னால் போனார். "என்ன விலைக்குப் போச்சுன்னு போடலீங்களே?"

"விலை எழுதறதில்லீங்க."

"எதுக்குமா?"

"எதுக்குமே எழுதறதில்லீங்க. விலை குதிரை மேல இருக்கறதில்லீங்களே."

மாரப்பன் ஆறு நோட்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். அவசரப்படவில்லை. இருபத்தைந்து வருடத்துப் பக்கங்களில் ரூபாய் என்ற சொல்லே இல்லை. குதிரைக்கு நேரே தொகை எழுதியது கன்னையன் வாழ்க்கையில் ஒரே ஒரு தாளில்தான்; அதுதான் கேட் பக்கத்து போர்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுந்தபோது மாரப்பன் நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. "இந்த மூணு நோட்டை மட்டும் எடுத்துட்டுப் போறனுங்க. அண்ணிகிட்டக் காட்டோணும்" என்றார். அந்த நோட்டுகள் அதுவரை அந்தியூரைத் தவிர வேறெங்கும் போனதில்லை. கன்னையன் அவற்றைப் பழைய தினத்தாளில் சுற்றி, நூலால் கட்டிக் கொடுத்தார்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்த அமராவதி, "சம்பந்தமும் போச்சு, நோட்டும் போச்சு" என்றாள்.

மறுநாள் கன்னையன், பதினேழாம் தேதி வர இயலவில்லை என்று ஓசூருக்கு எழுதிப் போட்டார். கொடுத்த லீவை வேண்டாமென்று சொன்னால் காரணம் சொல்ல வேண்டும் என்பதால், சொல்லாமல் பதினான்காம் தேதியிலிருந்து வீட்டிலேயே இருந்தார். முதல் நாள் மத்தியானம் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம், வெங்காயம் உரித்துக்கொண்டே அமராவதி கேட்டாள்:

"இந்நேரம் ஓட ஆரம்பிச்சிருக்குமுங்களா?"

"ரெண்டு மணிக்குத்தான் முதல் ரேஸ்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு அடிக்க ஆறு நிமிடம் இருந்தது. வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு அவளும் அவரோடு உட்கார்ந்திருந்தாள்.

பதினைந்து, பதினாறு, பதினேழு. தபால்காரர் தினமும் பதினொன்றேகாலுக்குத் தெருவுக்குள் வருவார். பத்து மணிக்கே கன்னையன் வாசலுக்குப் போய்விடுவார். தேவிப்பிரியா சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே அப்பா முகத்தைப் பார்ப்பாள். பார்த்துவிட்டு உள்ளே போவாள். பதினெட்டாம் தேதி அவள் டைரிக்குள்ளிருந்த போட்டோவை எடுத்து ஒரு கவரில் போட்டு, மேசை மேல் வைத்தாள். கவர் ஒட்டப்படவில்லை. பத்தொன்பதாம் தேதியும் அது ஒட்டப்படாமலேயே கிடந்தது.

பிறகு மாரப்பன் கடிதம் வந்தது. இன்லேண்ட் லெட்டர், எழுத்து பெரிது பெரிதாக இருந்தது.

'வணக்கம். நோட்டுகளை அண்ணிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பவானிக்குப் போய் அய்யாவு குடும்பத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். அதனால் தாமதம். ஜூன் 5 ஞாயிறு மூன்று மணிக்கு உறுதி பண்ண வருகிறோம். இந்தத் தடவை தவறாது. நோட்டுகளைத் தபாலில் அனுப்ப மனமில்லை, அன்று கொண்டுவருகிறேன். பண்ணைகளுக்குப் போய் வாருங்கள். ரேஸ் மைதானம் மட்டும் வேண்டாம். நீங்கள் கட்ட மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அண்ணிக்கு அந்தப் பெயர் ஆகாது. ஆடியில் அந்தியூருக்கு நானும் வருகிறேன். மாரப்பன்.'

கன்னையன் சத்தமாகப் படித்து முடித்ததும் அமராவதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுப் போனில் மகளைக் கூப்பிட ஓடினாள். அவர் தன் பட்டியலை எடுத்தார். ஸ்கேல் வைத்து, ஊட்டி இரண்டு வரி, பெங்களூர் இரண்டு வரி, நான்கையும் அடித்தார். மீதி 584.50. ஜாதிக் குதிரை ஓடுவதைப் பார்ப்பது இந்தப் பிறவியில் இல்லை என்று ஆகிவிட்டது. நின்று புல் மேய்வதையாவது பார்க்கலாம். ஓசூருக்கு இன்னொரு தேதி கேட்டு எழுத வேண்டும். மாரப்பனையும் சேர்த்து மூன்று பேருக்குக் கேட்கலாமா என்று யோசித்தார்.

அதற்கு முன், வந்த கடிதங்களின் நோட்டைத் திறந்தார். ஐந்தாவது வரி. அனுப்பியவர்: ஊத்துக்குளி மாரப்பன். விஷயம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அதைக் காலியாகவே விட்டார். அடுத்த கட்டத்தில் எழுதினார்: வந்த தேதி 20.5.2005.